மேற்குக் கோபுரத்திலிருந்து தெரியும் சாலை

கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிகள் நடுவில் தேய்ந்திருக்கின்றன, ஓரமாகக் கால் வையுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே முன்னால் ஏறுகிறேன். வாய்க்கு இது பழகிவிட்டது, நான் இல்லாமலே பேசும். மனம்தான் காலையில் நின்ற வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு ஏறி வரமாட்டேன் என்கிறது. பின்னால் நாலைந்து பேர் மூச்சு வாங்குவது இந்தக் கல் சுருளுக்குள் ஒரே ஆளின் மூச்சு மாதிரி கேட்கிறது. ஜனவரி மாதத்துக் குளிரில், காசு கொடுத்து, ஈலி பேராலயத்தின் மேற்குக் கோபுரத்தில் ஏற ஆள் வருகிறதே என்று வந்த புதிதில் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். சிதம்பரத்தில் நாலு கோபுரத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான், ஒன்றிலாவது ஏறியிருப்பேனா, கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. இங்கே கோபுரம் என்றால் ஏற வேண்டும், ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழே போய் டீ குடிக்க வேண்டும். அங்கே பத்தாம் வகுப்புக்குச் சரித்திரமும் பூகோளமும் எடுத்தவள் இங்கே சம்பளமில்லாத வழிகாட்டி. கழுத்தில் தொங்கும் அட்டையில் மிஸஸ் தில் என்று போட்டிருக்கிறது. தில்லைநாயகி என்று முழுசாக எழுத அட்டையில் இடம் போதவில்லையாம். அது கிடக்கட்டும். கைப்பேசி கோட்டுப் பையில் இருக்கிறது, அடிக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் நான் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. இவரை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் பதற்றமே இல்லாமல் சொன்னது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. நாக்கு நுனி வரை வந்தது. அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து போன், யாரோ வேலைக்கு வரவில்லை, இன்றைக்குப் போக வேண்டிய வீடுகளை மாற்றிவிட்டார்கள், இவர் ஓகே ஓகே என்று தலையாட்டிவிட்டுச் சாவியை எடுத்தார். சிதம்பரம் மேல வீதியில் மருந்துக்கடை வைத்திருந்த மனிதர், இங்கே வீடு வீடாகக் காரில் போய்த் தனியாக இருக்கிற வயசானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப் சுடவைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார். மூலநாதன் என்ற பேர் அந்தக் கிழங்களுக்கு மூல் ஆகிவிட்டது. எந்த வீடு, எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. எம்.ஏ., பி.எட். படித்தவள் இதை நம்புகிறாளா என்று கேட்டால் நம்பவில்லை, ஆனால் நாக்கு நம்புகிறது, நாக்குக்கு யார் பாடம் எடுப்பது. அவரும் அப்படித்தான். சாமியைக் கிண்டல் பண்ணுவார், ஜாதகத்தைக் கிண்டல் பண்ணுவார், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். ஷூவைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். ஏற்கனவே நேரமாகிவிட்டது, தாமதமாகப் போனால் ஆபீசில் கேள்வி வரும், எதற்கு வம்பு என்று கேள்வியை முழுங்கினேன். பாத்துப் போயிட்டு வாங்க என்றேன். சிரித்துக்கொண்டே போனார். முழுங்கிய கேள்வி இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

இதோ முதல் அறை, உட்காரப் பலகை உண்டு, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். குடை வைத்திருக்கிற பெண்மணி, கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி ஒரு ஜோடி, அப்புறம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிய கீத் என்கிற பெரியவரும் அவர் தங்கை ஜோனும். கீத் பக்கத்துச் சதுப்புக் கிராமம்தானாம், லீட்ஸிலிருந்து வந்த தங்கைக்குத் தன் ஊரை மேலேயிருந்து காட்ட வேண்டுமாம். நான் எத்தல்ரீடா கதையை ஆரம்பிக்கிறேன். ராணியாக இருந்தவள், இரண்டு கல்யாணம் ஆகியும் கன்னியாகவே இருந்தவள், புருஷனை விட்டுவிட்டு, அப்போது தீவாக இருந்த இந்த ஊருக்கு ஓடிவந்து மடம் கட்டினாள். கடைசியில் கழுத்தில் கட்டி வந்து செத்தாள். சின்ன வயசில் கழுத்து நிறைய மாலை போட்டுக்கொண்ட பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று அவளே சொன்னாளாம். இந்த இடத்தில் எல்லாரும் லேசாகச் சிரிப்பார்கள், இன்றைக்கும் சிரிக்கிறார்கள். என் கை தன்னால் ஸ்கார்ஃபுக்குள் போய்த் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எப்போது போனது என்று தெரியவில்லை. சீச்சீ. கையை எடு. வேறு ஏதாவது நினை. வினிஃப்ரெட், எங்கள் வழிகாட்டிகளுக்கெல்லாம் மூத்தவள், மதியம் டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள், ஒரு வாரமாக மேற்கே கொட்டிய மழையெல்லாம் இப்போது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, வெள்ளநிலத்துச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாம் என்று. சர்க்கரை போடட்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள். அந்தச் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இவர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் பெரில் பாட்டி வீடு. பெரில் வீடு இவர் முறை கிடையாது. யாராவது வேலைக்கு வராத நாளில்தான் இவரை அனுப்புவார்கள்.

மறுபடி படி. இது இன்னும் குறுகல், தோள் இரண்டு பக்கமும் உரசுகிறது. இவருக்குத் தண்ணீர் என்றால் பயம் கிடையாது, அதுதான் எனக்குப் பயம். கல்யாணமான புதிதில் கொள்ளிடம் கரை புரண்ட வருஷம், எங்கள் அக்காவுக்குப் பிரசவம் என்று என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தண்ணீருக்குள் வண்டியை விட்டார். முழங்கால் தண்ணிதானே என்றார். சைலன்சருக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றது, இறங்கித் தள்ளினார், நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நடந்தேன், இரண்டு பேரும் சிரித்தோம். அங்கே தண்ணீருக்கு முகம் உண்டு. இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கும், அதற்கு நடுவில்தான் ரோடு. முன்னால் நாலு பேர் நடப்பார்கள், யாருக்கு எதுவரை தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பக்கம் வராதே பள்ளம் என்று ஒருவன் கத்துவான். பஸ் போனால் நாமும் போகலாம், பஸ் நின்றால் நாமும் நிற்கலாம், இவ்வளவுதான் சட்டம். இங்கே மரம் ஏது, ஆள் ஏது. இவர் போன அக்டோபரில் காய்ந்து கிடந்த அந்தச் சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், பெரிலுக்கு நான் சுட்ட அதிரசம் கொடுப்பதற்கு. இரண்டு பக்கமும் ஆள் மட்டத்துக்கு வாய்க்கால், விளிம்பில் ஒரு கல்கூட இல்லை, தூரத் தூரமாக ஒரு கம்பம், அவ்வளவுதான். சுத்திப் போனா முக்கால் மணி நேரம் தில்லை, இது குறுக்கு வழி என்று பெருமையாகச் சொன்னார். ஊருக்குப் புதுசாக வந்தவனுக்குக் குறுக்குவழி தெரிந்துவிட்டால் அந்த ஊரே தன்னுடையது என்று நினைப்பு.

இந்தச் சின்ன ஜன்னலிலிருந்து பாருங்கள், கூரையின் முதுகு முழுக்கத் தெரிகிறது. நடுவில் எட்டு மூலையாக எழும்பி நிற்கிறதே, அங்கே முன்பு இருந்த பெரிய கோபுரம் ஒரு பிப்ரவரி மாதம் அப்படியே இடிந்து விழுந்தது. பூகம்பம் என்று நினைத்துத் துறவிகள் ஓடிவந்தார்களாம். காரணம் என்ன, ஜோன் கேட்கிறாள். மண், அம்மா, மண்தான். ஈரமண் தாங்கவில்லை. நாம் நிற்கிற இந்தக் கோபுரத்தின் வடபக்கத்தில் கை மாதிரி நீண்டிருந்த கட்டடமும் ஒரு நாள் விழுந்துபோனது, அதை யாரும் திரும்பக் கட்டவில்லை, வெளியே போனால் ஒரு பக்கம் கை இல்லாத உடம்பு மாதிரித்தான் இந்தக் கோயில் நிற்கும். சொன்னதும் எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம். கட்டியதைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், விழுந்ததைச் சொன்னால்தான் கண் விரிகிறது, மனிதர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். நானும் இத்தனை நாள் ரசித்து ரசித்துத்தான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு விழுந்தது என்கிற வார்த்தையை அவசரமாகச் சொல்லிக் கடக்கிறேன். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று ஒரு வரி தொடங்குகிறது, அதை முடிக்கவிடாமல் அடுத்த படியில் காலை வைக்கிறேன். முடிக்காவிட்டால் நடக்காது என்று யார் சொன்னது. யாரும் சொல்லவில்லை, நானே இப்போது உண்டாக்கிக்கொண்ட சகுனம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நம் விசா, வேண்டாம், நம் வீட்டு வாடகை, வேண்டாம், அதெல்லாம் பொய்க் கவலை. அவர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அந்த மனிதர் வேண்டும்.

மேலே வந்துவிட்டோம். காற்று முகத்தில் அறைகிறது, தூறல் போடுகிறது, மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வருகிறது வானம். குனிந்து வாருங்கள், ஈயத் தகடு வழுக்கும். சுற்றிலும் பாருங்கள், எங்கேயாவது ஒரு குன்று தெரிகிறதா, தெரியாது. இந்த ஊர் ஒரு காலத்தில் தீவு. சுற்றிலும் சதுப்பு, நாணல், விலாங்குமீன். ஊருக்குப் பேரே விலாங்கால் வந்தது என்பார்கள், அந்தக் காலத்தில் மடத்துக்குக் குத்தகையே விலாங்காகக் கட்டியிருக்கிறார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் பிராணி, இந்த நிலமும் அப்படித்தான், பார்த்தால் தரை, மிதித்தால் தண்ணீர். பிறகு டச்சுக்காரர் வந்து கோடு கிழித்தது மாதிரி நீளமாக ஆறு வெட்டித் தண்ணீரை வடித்தார். வடித்ததும் மட்கிய நாணல் மண் காய்ந்து சுருங்கி இறங்க ஆரம்பித்தது, இன்றைக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இங்கே வயல் கீழே, ஆறு மேலே. மோட்டார் வைத்து வயல் தண்ணீரை மேலே ஆற்றுக்கு இறைக்கிறார்கள். முதல் தடவை இதைப் படித்தபோது தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். வெட்டிய இரண்டு ஆற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள், மழைக்காலத்தில் மிச்சத் தண்ணீர் வந்து தங்குவதற்கு, காவிரி வேண்டாம் என்று தள்ளியதைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிற மாதிரி. அதுதான் வெள்ளநிலம். கையை நீட்டுகிறேன். நீட்டிய இடத்தில் நிலம் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ஈய நிறத்தில் தண்ணீர், வானத்துக்கும் அதற்கும் நடுவில் கோடுகூட இல்லை.

பேச்சை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மனம் அங்கே போய்விடும். நார்மண்டி வில்லியம் இந்தத் தீவைப் பிடிக்க வந்தபோது சதுப்பின் மேல் மரத்தையும் தோலையும் போட்டு ஒரு பாதை போட்டான், வெள்ளிக்காகவும் பொன்னுக்காகவும் அடித்துப் பிடித்து ஓடிவந்த படை அந்தப் பாதையோடு சேற்றுக்குள் போனது, இரும்புச் சட்டையோடு. குடைக்காரப் பெண்மணி எவ்வளவு பேர் என்று கேட்கிறாள், கணக்கு தெரியாது என்கிறேன். மறுபடி பாதை போட்டான், பக்கத்தில் மரத்தால் ஒரு கோபுரம் எழுப்பி அதன் மேல் ஒரு சூனியக்காரியை ஏற்றிவிட்டான், அவள் அங்கே நின்று தீவைப் பார்த்துச் சபித்துக்கொண்டே இருந்தாள், தீவுக்காரர்கள் நாணலுக்குத் தீ வைத்தார்கள், அவள் விழுந்து செத்தாள். கதைதான் இது, சரித்திரத்தில் சேர்த்தி இல்லை. கல்லூரி ஜோடி போட்டோ எடுக்கிறது. கோபுரத்தின் மேல் நின்று வாய் ஓயாமல் பேசுகிற பெண்பிள்ளைக்கு என்ன கதி என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றுகிறது. கீத் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு தங்கைக்குக் காட்டுகிறார், அதோ நம் வீட்டுக் கூரை, அதோ அந்தச் சாலை. எங்கே, என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே சரியில்லை. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். காலையில் டயர் நனைகிற அளவுதான் இருந்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் மதகை மூடியிருப்பார்கள், கடல் ஏறும் நேரம், தண்ணீர் போக இடமில்லாமல் இங்கே ஏறும். பார்த்தால் அசையாத மாதிரி இருக்கும், இழுக்கும். கார் இவ்வளவு தண்ணீரிலேயே மிதந்துவிடும் என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். மிதந்தால் ஓரத்து வாய்க்காலுக்குத்தான் போகும். உள்ளூர்க்காரர்கள் போகமாட்டார்கள், வெளியாட்கள்தான் என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. முழங்கால் தண்ணிதானே, முழங்கால் தண்ணிதானே என்று உள்ளே ஒரு குரல் நிறுத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

பையில் துடித்தது. எடுக்கும்போது விரல் விறைத்து, கைப்பேசி நழுவப் பார்த்தது. வழிகாட்டி நடுவில் போன் பேசக் கூடாது, பேசினேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"பெரில் பாட்டி வீட்டுக்கு வந்தேன் தில்லை. காலைல இந்தத் தண்ணி ரோட்லதான் வந்தேன், டயர்கூட முழுசா நனையல. அதுக்குப் போயி போர்டு வச்சி அடைச்சிருந்தான், ஓரமா வளைச்சி எடுத்துகிட்டு வந்துட்டேன். நாம பாக்காத கொள்ளிடமா?"

"அந்த வழியா வராதீங்க. சுத்தி வாங்க. தண்ணி ஏறிடுச்சி, நான் மேலேருந்து பாத்துகிட்டு இருக்கேன். கேக்குதா? அந்த வழியா வராதீங்க."

"என்னது? ஒண்ணும் கேக்கல, காத்தா இருக்கு அங்க. வந்துட்டேன், வந்துட்டே இருக்கேன். டீ போட்டு வை."

அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டேன், அந்தப் பதற்றமில்லாத குரல்தான் பேசியது. மறுபடி, மறுபடி. வீட்டை நோக்கி வருகிற மனிதனைப் பார்த்து வராதே என்று என் வாயால் சொன்னேன், அதுவும் அவர் காதில் விழவில்லை. நில், யோசி. வந்துட்டேன் என்றால் வந்துவிட்டதாக அர்த்தமா. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு பாதி வழி வந்துட்டேன் என்பார், கடையில் டீ கிளாசோடு உட்கார்ந்துகொண்டு தெருமுனையில் திரும்பிட்டேன் என்பார். எங்கள் ஊரில் யார்தான் கிளம்பிய பிறகு வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லக் கூடாதா என்று. இன்றைக்குப் பொய்யாக இருக்கட்டும். பெரில் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு சொன்னதாக இருக்கட்டும். அவர் பேசும்போது பின்னால் ஒரு சத்தம் வந்ததே, டக், டக் என்று. அது பெரில் வீட்டுச் சுவர்க் கடிகாரம். பெரிசு, வாசலில் நுழைந்ததுமே கேட்கும், நானே கேட்டிருக்கிறேன். கடிகாரம்தான். இல்லை, வைப்பர். மழையில் கண்ணாடி துடைக்கிற சத்தம். கடிகாரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு. தெரியவில்லை. காதுக்குள் இரண்டும் மாறி மாறி அடிக்கிறது, நினைக்க நினைக்க எது முதலில் கேட்டது என்பதே கலங்கிப்போகிறது. கீத் ஏதோ கேட்கிறார். என் கணவர் என்கிறேன், அந்தப் பக்கம் என்கிறேன், அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. அவர் பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுக்கிறார்.

முதலில் வெறும் சாம்பல். அப்புறம் கரை. அப்புறம் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டிய கம்பங்கள், அதுதான் சாலை. அந்தக் கோடியில் இரண்டு வெளிச்சம். நிற்கின்றன. நின்று யோசிக்கிற மாதிரி நிற்கின்றன, திரும்பிவிடு, யாராக இருந்தாலும் திரும்பிவிடு, டிராக்டராக இரு, பால் வண்டியாக இரு, வேறு எவளோ ஒருத்தியின் புருஷனாக இரு. இப்படியா நினைப்பது ஒரு பெண்பிள்ளை. இப்படித்தான் நினைக்கிறேன். வெளிச்சம் இறங்குகிறது. தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து நாலாகி, மெதுவாக, ரொம்ப மெதுவாக வருகிறது. நன்றாகத்தான் ஓட்டுகிறார், முதல் கியரில், நிறுத்தாமல், சைலன்சருக்குள் தண்ணீர் புகாதபடி, அன்றைக்குப் படித்த பாடம். வா. அப்படியே வா. நடுவில் வா. முதல் கம்பம் தாண்டிவிட்டது, அடுத்தது தாண்டிவிட்டது. என் வாய் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது, ஜோன் என் முதுகில் கை வைத்திருக்கிறாள். பிறகு இரண்டு வெளிச்சமும் லேசாக ஒரு பக்கம் போகின்றன, காற்றில் போகிற மாதிரி, யாரும் திருப்பாமல். ஒன்று மேலே இருக்கிறது, ஒன்று கீழே போகிறது. கீழே போனது மங்கலாகிப் பச்சையாகத் தண்ணீருக்குள்ளிருந்து எரிகிறது. பின்னால் கீத் போனில் சாலையின் பேரைச் சொல்கிறார், மறுபடி சொல்கிறார், எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். கீழே போகலாம், வாருங்கள், உட்காருங்கள் என்று யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் வரமாட்டேன். இன்னும் எரிகிறது, மேலே ஒன்று, தண்ணீருக்குள் ஒன்று. நான் கண்ணை எடுக்காத வரைக்கும் அது எரியும். வெளிச்சம் தப்பித் தப்பிப் போகிறது, சுவரில் முழங்கையை ஊன்றி மறுபடி பிடித்துக்கொள்கிறேன்.